பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முகம் மாறும்போது: வழி தவறாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் அயலவருக்கும் சொந்தக்காரருக்கும் போன் பழக்கிக்கொடுக்கிற எவருக்கும் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: “தம்பி, நேற்று வரைக்கும் இங்கதான் இருந்தது, இப்ப காணேல்லை.” கேட்பவர் அநேகமாகப் பொத்தானின் இடத்தைப் பாடமாக்கி வைத்திருப்பார். கீழே இடமிருந்து இரண்டாவது, மேலே வலது மூலை என்று. செயலி ஒரு முறை இடத்தை மாற்றினால் அந்தப் பாடம் முழுவதும் வீண். எதைத் தேடுகிறோம், அதற்கு என்ன பெயர், எந்தப் படம் என்று தெரிந்தவருக்கு இந்தத் தடுமாற்றம் வராது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். புதியவர்கள் அதிகம் இழப்பது, காப்புப் பிரதி (பெக்அப்) எடுக்குமுன் செயலியை அழிக்கும்போதும், என்ன மாறியது என்று பார்க்குமுன் செட்டிங்ஸைக் கிளறும்போதும்தான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது சிம். கணக்கு எந்த இலக்கத்தில் இருக்கிறதோ அந்தச் சிம் இப்போது உங்கள் கையில், வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். பெரிய மாற்றத்துக்குப் பிறகு சில செயலிகள் தாமாகவே வெளியேற்றிவிட்டு, குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தைக் கேட்கும். சிம் இல்லாவிட்டால் கதவு அங்கேயே பூட்டு.

சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். நம்மில் பலருடைய சிம் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் கணவர் பெயரில், அல்லது கலியாணம் கட்டிப் போன தம்பி பெயரில் இருக்கும். சிம் தொலைந்தால் மாற்றுச் சிம் எடுக்கப் பதிவில் உள்ளவரின் அடையாளம்தான் வேண்டும். அவர் ஊரில் இருக்கும்போதே பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். நீண்ட நாள் ரீலோட் போடாமல் விட்ட இலக்கம் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவர் கைக்குப் போகக்கூடும். வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஊர் இலக்கத்தில் வாட்ஸ்அப்பை வைத்துக்கொண்டு சிம்மை மறந்துவிடுவது இதனால்தான் ஆபத்து.

இரண்டாவது, நீங்களே திறக்கக்கூடிய மின்னஞ்சல். போன் வாங்கிய கடையில் யாரோ ஒரு பையன் அவசரத்தில் உருவாக்கிய கூகுள் கணக்கு இருந்தால், அதன் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியாது. அது தெரியாதவரை மற்றக் கணக்குகளும் உங்களுடையவை இல்லை என்றே வையுங்கள்.

மூன்றாவது ஒரு கொப்பி. இலக்கம், மின்னஞ்சல், கடவுச்சொல், ஆறு இலக்க பின் (PIN) என்ற இரகசிய எண், எல்லாவற்றையும் எழுதி வீட்டு அலுமாரியில் வையுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு, அலுமாரிக் கொப்பியைத் திருடன் எடுப்பதைவிடக் கடவுச்சொல்லை மறப்பதுதான் பெரிய ஆபத்து. ஆனால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைக்காதீர்கள்.

2. உண்மையில் மாறியது எது என்று பாருங்கள்

“பேஸ்புக் பழுதாப் போச்சு” என்று வருபவரின் போனைப் பார்த்தால், காரணம் நாலில் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

தோற்றம் மாறியிருக்கலாம். பொத்தான் இடம் மாறியது, நிறம் மாறியது, பெயர் மாறியது. ட்விட்டரின் நீலக் குருவி 2023 ஜூலையில் போய் எக்ஸ் என்று ஆனபோது, குருவியைத் தேடித் தேடிக் களைத்துச் செயலி அழிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. அது அதே செயலிதான், அதே கணக்குத்தான். சந்தேகம் வந்தால் பிளே ஸ்டோரில் பழைய பெயரைத் தேடுங்கள். பெயர் மாறியிருந்தால் புதிய பெயரோடு அதே செயலி வரும், பக்கத்தில் ‘ஓப்பன்’ என்று இருக்கும்.

வசதியோ சேவையோ நிறுத்தப்பட்டிருக்கலாம். மெசஞ்சர் லைட் 2023 செப்டெம்பரில் நின்றது. ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதி மூடப்பட்டது. இங்கே தேடிப் பயனில்லை, மாற்றிடம்தான் பார்க்க வேண்டும். 9ஆம் படிக்குப் போங்கள்.

நீங்கள் வெளியேற்றப்பட்டிருக்கலாம். திரையில் உங்கள் பெயர் இல்லாமல் இலக்கமும் கடவுச்சொல்லும் கேட்டால் அதுதான். இதில் செட்டிங்ஸ் தேடுவதில் அர்த்தமில்லை.

கடைசியாக, இணைப்பு அல்லது நாடு. வெருகல், குச்சவெளிப் பக்கம் சமிக்ஞை குறைந்த இடத்தில் படங்கள் வராமல் நின்றால் அது செயலியின் குற்றமல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், ஆனால் அழைப்பு எடுபடாது. அது அந்த நாட்டின் கட்டுப்பாடு. மகன் துபாய் போன கிழமையே “வாட்ஸ்அப் பழுது” என்று இங்கே செயலியை அழித்துவிட்ட தாய்மாரைக் கண்டிருக்கிறேன். மகன் அங்கே பாவிக்கக்கூடிய செயலி எது என்று அவனிடமே கேட்டு அதைப் போடுவதுதான் வழி.

சோதிக்க எளிய முறை: அதே கணக்கைப் போனில் உள்ள குரோம் உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் கணக்கு நலம், செயலியில்தான் மாற்றம். அங்கேயும் கடவுச்சொல்லை ஏற்காவிட்டால் கணக்கில்தான் பிரச்சினை.

இன்னொன்று. உங்கள் போனில் இருப்பதும் தங்கச்சி போனில் இருப்பதும் ஒரே நாளில் ஒரே மாதிரி இராது. நிறுவனங்கள் புதிய தோற்றத்தை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பதில்லை, பகுதி பகுதியாகத்தான் திறந்துவிடும். ஒரே பதிப்பை இறக்கிய இரண்டு போனில்கூட வேறுபாடு இருக்கும். “அவளுக்கு வருது, எனக்கு வரேல்லை” என்று செயலியை அழித்துத் திரும்பப் போடுவதால் அது வராது. சில கிழமை பொறுத்தால் தானாக வரும்.

3. எதையும் தொடுமுன் காப்பு எடுங்கள்

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிறகு ‘சாட்ஸ்’, பிறகு ‘சாட் பெக்அப்’. அங்கே கடைசியாக எப்போது காப்பு எடுக்கப்பட்டது என்று திகதி இருக்கும். ஆண்ட்ராய்ட் போன் என்றால் எந்தக் கூகுள் கணக்குக்குப் போகிறது என்றும் இருக்கும். திகதி பழையது என்றால் உடனே ‘பெக்அப்’பை அழுத்துங்கள். டேட்டா கரையும், ஆகவே வைஃபை உள்ள இடத்தில் செய்வது நல்லது.

இங்கே இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, காப்பு மாதக்கணக்கில் நின்றுபோய் இருப்பது. கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. மின்னஞ்சல், படங்கள், வாட்ஸ்அப் காப்பு மூன்றும் அதற்குள்தான் அடங்க வேண்டும். நிரம்பினால் காப்பு நின்றுவிடும், பலர் அதைக் கவனிப்பதில்லை. காப்பில் ‘வீடியோ’வைச் சேர்க்கும் விருப்பத்தை நிறுத்துங்கள். காலை வணக்க வீடியோக்கள் போனாலும் யாரும் அழப்போவதில்லை.

மற்றது, திரும்ப நிறுவும்போது ‘ஸ்கிப்’ அழுத்துவது. புதிதாகப் போட்டு இலக்கத்தை உறுதி செய்தவுடன் “காப்பை மீட்கவா” என்று ஒரு திரை வரும். அது அந்த இடத்தில்தான் வரும். அவசரத்தில் தாண்டினால் பழைய உரையாடல் எதுவும் இல்லாமல் வெறும் செயலி திறக்கும். மீட்பதற்கு அதே இலக்கமும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். முதலாம் படியில் மின்னஞ்சலைப் பற்றி வற்புறுத்தியது இதற்காகத்தான்.

அடுத்து வாட்ஸ்அப்பில் ‘அக்கவுண்ட்’டுக்குள் ‘டூ ஸ்டெப் வெரிபிகேஷன்’ போட்டு ஆறு இலக்க பின் ஒன்றை வையுங்கள். யாராவது உங்களை ஏமாற்றிக் குறுஞ்செய்தி இலக்கத்தை வாங்கினாலும், இந்தப் பின் இல்லாமல் உள்ளே வர முடியாது. பிறந்த ஆண்டையோ 123456ஐயோ வைக்காதீர்கள். மீட்பு மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள்.

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’ என்ற இடத்தில் உங்கள் இலக்கமும் மின்னஞ்சலும் இருக்கும். பழைய, கைவிட்ட இலக்கம் அங்கே இருந்தால் முதலில் புதியதைச் சேர்த்து உறுதி செய்யுங்கள், அதன் பிறகே பழையதை நீக்குங்கள். தலைகீழாகச் செய்தால் இடையில் ஏதாவது தடைப்படும்போது ஒன்றும் இல்லாமல் நிற்பீர்கள். இரண்டடுக்குப் பாதுகாப்புப் போட்டால் பேஸ்புக் பத்து மீட்புக் குறியீடுகள் தரும். அவற்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

4. புதுப்பிப்பை ஒரே ஒரு இடத்திலிருந்து எடுங்கள்

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர், ஐபோனில் அப் ஸ்டோர். வேறு எங்கும் வேண்டாம். “வாட்ஸ்அப் புதிய நிறத்தில், இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று குழுவில் வருவது பொறி. அனுப்பியவர் உங்கள் சொந்த மாமியாக இருந்தாலும், அவருடைய போனிலிருந்து அது தானாக வந்திருக்கலாம்.

ஜிபி வாட்ஸ்அப் போன்ற மாற்றுப் பதிப்புகளை இளம் பிள்ளைகள் போட்டுத் தருவார்கள். நீல அடையாளத்தை மறைக்கலாம், அழித்த செய்தியைப் பார்க்கலாம் என்பார்கள். அது வாட்ஸ்அப் நிறுவனத்தின் செயலி அல்ல. கணக்குத் தடை செய்யப்படலாம், செய்திகள் யார் கையில் போகின்றன என்பதற்கும் பொறுப்பில்லை. அதைப் பாவிப்பவருக்கு இந்த வழிகாட்டியின் மற்றப் படிகள் பொருந்தாது, ஏனெனில் அதன் பட்டியல்களே வேறு.

போன் மிகப் பழையது என்றால் புதுப்பிப்பு வராது. 2025இல் வாட்ஸ்அப்புக்குக் குறைந்தது ஆண்ட்ராய்ட் 5 வேண்டியிருந்தது. இந்தக் கீழெல்லை காலத்துக்குக் காலம் உயரும். பழைய போன் ஒன்றை அம்மாவுக்குக் கொடுக்குமுன் அதன் பதிப்பைப் பாருங்கள்.

5. ஐந்து இடங்களை மட்டும் கண்டுபிடியுங்கள்

கடைக்காரர் தட்டுகளை மாற்றி அடுக்கினால் நாம் கடையை விட்டு ஓடுவதில்லை, சீனி எங்கே என்று பார்க்கிறோம். செயலியிலும் தேட வேண்டியவை ஐந்துதான்: உங்கள் பக்கம், செட்டிங்ஸ், தேடல், அறிவித்தல்கள், உதவி. இவை கிடைத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் இவற்றின் வழியாகப் போகலாம்.

இவை இடம் மாறினாலும் படங்கள் பெரிதாக மாறுவதில்லை. பற்சக்கரம் என்றால் செட்டிங்ஸ். பூதக்கண்ணாடி தேடல். மணி அறிவித்தல். கேள்விக்குறி உதவி. மூன்று கோடும் மூன்று புள்ளியும் “இன்னும் இருக்கிறது, உள்ளே பார்” என்பதற்கு. உங்கள் முகப்படம் சிறிய வட்டமாக இருந்தால் அது உங்கள் பக்கம். இந்தப் படங்களைக் கொப்பியில் கையால் வரைந்து பக்கத்தில் தமிழில் எழுதிக்கொடுத்தால், வயதானவர்கள் வடிவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். போன் திரையைப் படம் பிடித்துக் கொடுத்தால் அடுத்த புதுப்பிப்போடு அது பழசாகிவிடும்.

எங்கே தேடத் தொடங்குவது? நாலு மூலையிலும் பாருங்கள். மூலைகளை விட்டு இவை அதிகம் நகர்வதில்லை. இன்ஸ்டாகிராமிலும் டிக்டொக்கிலும் கீழே வலது மூலையில் உங்கள் பக்கம், அதைத் திறந்தால் மேலே வலது மூலையில் மூன்று கோடு. எக்ஸில் மேலே இடது மூலையில் உங்கள் முகப்படம். ஆண்ட்ராய்ட் வாட்ஸ்அப்பில் மேலே வலது மூலையில் மூன்று புள்ளி, ஐபோனில் கீழே வலது மூலை. பேஸ்புக்கில் மூன்று கோடோ முகப்படமோ ஒரு மூலையில் இருக்கும். எந்த மூலை என்பதுதான் போனுக்குப் போன் மாறும்.

இந்தப் படியில் மிகப் பயனுள்ள விஷயம் பலருக்குத் தெரியாது: செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ளேயே ஒரு தேடல் பெட்டி உண்டு. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், போனின் சொந்தச் செட்டிங்ஸ், எல்லாவற்றிலும் மேலே பூதக்கண்ணாடி இருக்கும். கடவுச்சொல் மாற்ற வேண்டுமா, அங்கே அந்தச் சொல்லை அடியுங்கள். பட்டியல் எத்தனை தரம் மாறினாலும் தேடல் நேரே கொண்டுபோய் விடும். யூடியூப்பில் “பேஸ்புக் செட்டிங்ஸ் எங்கே” என்று பார்ப்பதைவிட இது விரைவு. அங்கே வரும் வீடியோ இரண்டு வருடம் பழையதாக இருக்கலாம், அதில் காட்டும் பொத்தான் இப்போது இல்லாமலும் இருக்கலாம்.

தொடுவதற்குப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்து பார்ப்பதால் ஒன்றும் அழியாது. ‘டிலீட்’, ‘டிஅக்டிவேட்’, ‘லொக் அவுட்’, ‘ரீசெட்’ என்ற நாலு சொல்லையும் சிவப்பு எழுத்தையும் மட்டும் தொடாதீர்கள். மற்ற எங்கே போனாலும் பின்னோக்கு அம்பை அழுத்தித் திரும்பலாம்.

6. மொழி மாறிப்போனால்

போன் கடையில் ஆரம்ப அமைப்பைச் சிங்களத்தில் செய்து கொடுத்து, வாசிக்க முடியாமல் தவிப்பவர்கள் இங்கே குறைவில்லை. போனின் செட்டிங்ஸைப் பற்சக்கரத்தை வைத்துத் திறந்து, மேலே உள்ள தேடலில் ஆங்கிலத்தில் மொழி என்பதற்கான சொல்லை அடித்தால் வரும். கிடைக்காவிட்டால் அதே மாதிரிப் போன் உள்ள ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் அழுத்தும் வரிசையிலேயே அழுத்துங்கள்.

தமிழில் வைப்பதா, ஆங்கிலத்தில் வைப்பதா? ஆங்கில எழுத்தைக் கொஞ்சமாவது வாசிக்கத் தெரிந்தால் ஆங்கிலத்தில் விடுங்கள். உதவி கேட்கும்போது பிள்ளைகள் சொல்வது ஆங்கிலப் பெயர்தான், தமிழ்ப் பட்டியலில் அதைக் கண்டுபிடிக்க இருவருக்கும் கஷ்டம். வாசிக்கவே தெரியாதவருக்குத் தமிழ்தான் சரி.

7. உங்கள் ஆட்களின் பதிவுகளைத் திரும்பக் கொண்டுவருதல்

மரண அறிவித்தலை மூன்று நாள் கழித்துப் பேஸ்புக்கில் கண்டு, செத்த வீட்டுக்குப் போக முடியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். முதற்பக்கம் திகதி வரிசையில் வருவதில்லை. நீங்கள் எதில் நின்று பார்ப்பீர்கள் என்று கணித்து, முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களையும் கலந்து அது அடுக்கும். உங்கள் சித்தப்பா எழுதிய நாலு வரி அதற்குள் புதைந்துவிடும்.

பேஸ்புக்கில் மெனுவுக்குள் ‘ஃபீட்ஸ்’ என்று ஒன்று உண்டு. 2022 ஜூலையில் கொண்டுவந்தார்கள். அதில் நண்பர்கள், குழுக்கள், பக்கங்கள் எல்லாம் புதியது மேலே என்ற வரிசையில் வரும், பரிந்துரை வீடியோ இராது. காலையில் முதலில் அதைத் திறக்கப் பழகுங்கள். கூடவே ‘ஃபேவரிட்ஸ்’ பட்டியலில் முப்பது பேர் வரை சேர்க்கலாம். சொந்த பந்தம், கோயில் பக்கம், பள்ளிவாசல் பக்கம், பாடசாலைப் பழைய மாணவர் பக்கம் ஆகியவற்றைப் போடுங்கள். இன்ஸ்டாகிராமில் முதற்பக்கத்தின் மேலே உள்ள பெயரை அழுத்தினால் ‘ஃபொலோயிங்’, ‘ஃபேவரிட்ஸ்’ என்று வரும்.

ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் செயலி பழைய முதற்பக்கத்துக்கே போகும். அதை நிரந்தரமாக மாற்ற விடமாட்டார்கள், அவர்களுக்கு இலாபம் அங்கேதான். ஆகவே இது அமைப்பு அல்ல, கைப்பழக்கம்.

வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் காணவில்லை என்பவர்கள் ‘அப்டேட்ஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள். 2023இல் சனல்கள் வந்தபோது ஸ்டேட்டஸும் அதோடு சேர்ந்துவிட்டது. உரையாடல் காணாமல் போயிருந்தால் அநேகமாகக் கை பட்டு ‘ஆர்கைவ்’ என்ற ஒதுக்கிடத்துக்குப் போயிருக்கும். பட்டியலின் உச்சியிலோ அடியிலோ அந்தச் சொல் இருக்கும்.

மழைக்காலத்துக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். மகாவலி பெருகி மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் வெள்ளம் என்று ஒரு படம் வந்தால், அது இன்று எடுத்ததா என்று முதலில் பாருங்கள். முதற்பக்கம் பழைய பதிவையும் புதிதுபோலத் தூக்கி வைக்கும். பெயருக்குக் கீழே உள்ள நேரத்தை அழுத்தினால் முழுத் திகதி வரும். உயிர் விஷயத்தில் செயலியை நம்பி இருக்காமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள்.

8. யார் பார்க்கிறார்கள் என்று சரிபாருங்கள்

பெரிய மாற்றம் வந்த பிறகு ஒரு தரம் பேஸ்புக்கின் ‘பிரைவசி செக்அப்’ போய்வாருங்கள். பதிவு போடும் பெட்டியில் உங்கள் பெயருக்குக் கீழே சிறிய படம் ஒன்று இருக்கும். உலக உருண்டை என்றால் எல்லாரும், இரண்டு தலை என்றால் நண்பர்கள். ஒரு முறை எல்லாருக்கும் என்று போட்டால் அடுத்த முறையும் அதுவே நிற்கும். பூப்புனித நீராட்டு விழாப் படங்களைப் போடுபவர்கள் இதை வடிவாகப் பார்க்க வேண்டும். பேஸ்புக்கின் மேலட்டைப் படம் எப்போதும் எல்லாருக்கும் தெரியும், ஆகவே அதில் பிள்ளைகளின் முகத்தை வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ‘பிரைவசி’க்குள் ‘குரூப்ஸ்’ என்பதை ‘மை கொண்டாக்ட்ஸ்’ ஆக்குங்கள். முன்பின் தெரியாதவர்கள் முதலீட்டுக் குழுக்களில் இழுத்துப்போடுவது நிற்கும். தெரியாத இலக்கங்களின் அழைப்பை ஒலிக்காமல் வைக்கும் வசதியும் அங்கேயே உண்டு.

“என் படங்களைப் பயன்படுத்த பேஸ்புக்குக்கு அனுமதி இல்லை, இதைப் பிரதி செய்து போடுங்கள்” என்று சுற்றிவரும் அறிவித்தலைப் போடுவதால் ஒன்றும் ஆகாது. செட்டிங்ஸில் செய்தது மட்டுமே செல்லும்.

9. வேறு செயலிக்கு மாறும்போது

சேவை மூடப்படுகிறது என்றால், முதலில் உங்கள் தரவை இறக்குங்கள், பிறகு ஆட்களுக்குச் சொல்லுங்கள், கடைசியாகத்தான் பழையதை விடுங்கள். பலர் முதல் வேலையாகப் பழையதை அழிக்கிறார்கள். படங்களும் போய்விடும், எங்கே மாறினார் என்று மற்றவருக்கும் தெரியாது. குடும்பக் குழு என்றால் எல்லாரும் வந்து சேரும்வரை இரண்டையும் வைத்திருங்கள். கனடாவில் இருக்கும் அத்தை கடைசியாகத்தான் வருவார்.

இலக்கம் மாற்றுவதும் இதே மாதிரி. வாட்ஸ்அப்பில் ‘சேஞ்ச் நம்பர்’ என்ற வசதி குழுக்களையும் உரையாடல்களையும் புதிய இலக்கத்துக்குக் கொண்டுபோகும். பழைய இலக்கத்தில் செயலி திறந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். புதிய சிம்மில் புதிதாகத் தொடங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதியோ படகுச் சவாரியோ நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. பேஸ்புக் பக்கத்தை உருவாக்கிய பையன் வெளிநாடு போய்விட்டான், அவனுடைய கணக்கும் மூடிவிட்டது, பக்கத்தைத் தொட ஆளில்லை. இது அடிக்கடி நடக்கிறது. பக்கத்தின் முழு அதிகாரம் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருவர் உரிமையாளராக இருக்க வேண்டும். விருந்தினர் எழுதிய நல்ல வார்த்தைகளையும் படங்களையும் ஒரு பிரதி கணினியில் வையுங்கள்.

கோயில் திருவிழாவை நேரலையாகப் போடுபவர்கள் கவனியுங்கள். 2025 பெப்ரவரியிலிருந்து பேஸ்புக் நேரலை வீடியோக்கள் 30 நாள் மட்டுமே பக்கத்தில் இருக்கும், பிறகு நீக்கப்படும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தேர்த்திருவிழாவை அங்கேயே விட்டுவைக்க முடியாது. கொடியிறக்கம் முடிந்த கையோடு இறக்கி, ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ யூடியூப்பிலோ போடுங்கள்.

10. கணக்கே கைவிட்டுப் போனால்

கூகுளில் “பேஸ்புக் தொலைபேசி இலக்கம்” என்று தேடாதீர்கள். சாதாரணப் பயனாளருக்குப் பேஸ்புக்கோ வாட்ஸ்அப்போ தொலைபேசியில் பேசும் உதவிச் சேவை நடத்தவில்லை. அங்கே கிடைக்கும் இலக்கங்கள் மோசடிக்காரருடையவை. “மீட்டுத் தருகிறேன், காசு அனுப்பு” என்று கொமெண்டில் வருபவர்களும் அதே கூட்டம்.

எப்போதும் பாவித்த அதே போனிலிருந்து, எப்போதும் பாவித்த வீட்டு இணைப்பிலிருந்து ‘ஃபொர்கொட் பாஸ்வேர்ட்’ போங்கள். பழகிய கருவி, பழகிய இடம் என்றால் நிறுவனம் உங்களை நம்புவது எளிது. கோபத்தில் பத்து முறை திரும்பத் திரும்ப முயன்றால் தற்காலிகமாகப் பூட்டிவிடும், ஒரு நாள் விட்டுச் செய்யுங்கள்.

வாட்ஸ்அப் களவு போனால் உடனே உங்கள் சிம் உள்ள போனில் செயலியைத் திறந்து, இலக்கத்தை அடித்து, குறுஞ்செய்தி இலக்கத்தைப் போடுங்கள். கள்ளன் தானாக வெளியேறுவான். அவன் பின் வைத்திருந்தால், அது இல்லாமல் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஏழு நாளிலும் அவன் உள்ளே இருக்க முடியாது. அதற்குள் உறவினருக்குத் தொலைபேசியில் எடுத்து, உங்கள் பெயரில் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இலங்கைக் கணினி அவசர நிலைக் குழுவின் 101 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

11. விட்டுப்போன கதவுகளைப் பூட்டுதல்

போட்டோ கொப்பிக் கடையில் ஆவணம் அச்செடுக்க வாட்ஸ்அப் வெப்பில் புகுந்துவிட்டு வெளியேறாமல் வருபவர்கள் ஏராளம். கடைக் கணினியில் உங்கள் செய்திகள் திறந்தபடியே கிடக்கும். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்பதைத் திறந்து, தெரியாத கணினி எதுவானாலும் அழுத்தி ‘லொக் அவுட்’ செய்யுங்கள். 5ஆம் படியில் தொடாதே என்று சொன்ன சொல்லை இங்கே மட்டும் தொடலாம். இது அந்தக் கணினியைத்தான் வெளியேற்றும், உங்களை அல்ல. அடுத்த தரம் கடைக்குப் போகும்போது ஆவணத்தைக் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

பேஸ்புக்கில் அக்கவுண்ட்ஸ் சென்டருக்குள் ‘வேர் யூ ஆர் லொக்ட் இன்’ என்ற பட்டியல் இதே வேலையைச் செய்யும். கொழும்பிலோ வேறு ஊரிலோ என்று ஒரு இடம் காட்டினால் உடனே பதற வேண்டாம். நம் இணைப்புகள் பெரும்பாலும் கொழும்பு வழியாகப் போவதால், வீட்டில் இருந்தாலும் அப்படிக் காட்டும். இடத்தைவிடப் போனின் பெயரையும் நேரத்தையும் பாருங்கள். உங்களிடம் இல்லாத போன் என்றால் வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

பழைய போனை விற்பதற்கு முன், புதியதில் வாட்ஸ்அப் காப்பு மீண்டதா என்று பார்த்து, கூகுள் கணக்கை நீக்கி, அதன் பிறகு ‘ஃபெக்டரி ரீசெட்’ செய்யுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது உங்கள் கூகுள் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். அவர் அடுத்த நாளே அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் படலையடிக்கு வருவார்.